கேட் கஃபேக்கு முதல் தடவையா? தலைப்பூவைக் கழற்றி வைத்துவிட்டுப் போங்கள்

மதுரையில் தலையில் பூ இல்லாமல் வெளியே கிளம்புவது கஷ்டம்தான். ஆனாலும் கேட் கஃபேக்கு, அதாவது பூனைகள் திரியும் காபிக் கடைக்கு, மல்லிகைச் சரம் வேண்டாம். பூவால் ஆபத்தில்லை, கட்டிய நூலும் நாரும்தான் வினை. பூனையின் நாக்கில் தொண்டைப் பக்கம் வளைந்த முட்கள் உண்டு. வாய்க்குள் போன நூலைத் துப்ப வராது, விழுங்கத்தான் செய்யும். ஒரு முனை நாக்கடியில் மாட்டி மறுமுனை குடலுக்குள் இறங்கினால், நாடா இழுத்த பாவாடை போலக் குடல் சுருங்கிவிடும், நூல் அதை அறுக்கவும் செய்யும். பிறகு ஆபரேஷன்தான். தொங்கும் ஜிமிக்கியும் குஞ்சம் வைத்த துப்பட்டாவும்கூட வேண்டாம்.

பூனை நாளுக்கு 12 முதல் 16 மணி நேரம் தூங்கும். மதியம் போனால் உருண்டு கிடக்கும் முதுகுகளைத்தான் பார்க்கலாம். கேட் கஃபே 1998-இல் தைவானின் தைபேயில் தொடங்கி ஜப்பானில் பரவிய வழக்கம். பல இடங்களில் காபிக்குத் தனியாக, உள்ளே இருக்கும் நேரத்துக்குத் தனியாகக் காசு. வார நாளில் சாயங்காலம் 5 மணிக்கு மேல் போனால் கொடுத்த காசுக்குப் பலன் உண்டு.

கதவைத் திறந்ததும் மூத்திர நெடி கண்ணைக் கரித்தால் திரும்பிவிடுங்கள். மலத்தட்டைச் சரியாக அள்ளவில்லை என்று அர்த்தம். பூனைக்குக் கண்ணிலும் மூக்கிலும் நீர் வடிந்தாலும் திரும்பிவிடுங்கள். ஆட்கள் நுழைய முடியாத ஓர் அறையும், ஏறி உட்கார உயரமான தட்டுகளும் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒதுங்க இடமில்லாத பூனைதான் நகத்தை நீட்டும். தடுப்பூசிச் சான்றைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

கையைக் கழுவிவிட்டுத் தரையில் உட்காருங்கள், பூனைக்கு நேர் எதிரே வேண்டாம், கொஞ்சம் பக்கவாட்டில். ஒரு விரலை அதன் மூக்கு உயரத்தில், அரையடி தள்ளி நீட்டுங்கள். அது வந்து முகர்ந்து கன்னத்தைத் தேய்த்தால் உத்தரவு கிடைத்ததாக எடுத்துக்கொள்ளலாம். கன்னம், தாடை, காதடி மட்டும். மூன்று நான்கு வினாடி தடவிவிட்டு நிறுத்துங்கள். மறுபடி தலையை முட்டினால் தொடரலாம். மல்லாந்து வயிற்றைக் காட்டுவது உங்கள் மேல் உள்ள நம்பிக்கை, அங்கே தடவச் சொல்வதில்லை. வால் நுனி துடித்தால், முதுகுத் தோல் அலையாக நெளிந்தால், காது பக்கவாட்டில் மடங்கினால் கையை எடுத்துவிடுங்கள். இந்த மூன்றையும் கவனிக்காதவர்கள்தான் பெரும்பாலும் கடி வாங்குகிறார்கள். கையைக் கவ்விவிட்டால் வெடுக்கென்று இழுக்காதீர்கள், பிடி இறுகிச் சதை கிழியும். அசையாமல் இருந்தால் தானே விட்டுவிடும்.

ஜிகர்தண்டாவை ஒரு வாய் ஊட்டும் ஆசை வேண்டவே வேண்டாம். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காது, வயிற்றால் போகும். வெங்காயம் சேர்ந்த எதுவும் ரத்தத்தைக் கெடுக்கும்.

பல் பட்டாலோ நகம் கீறினாலோ ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, காபித்தூள் எதையும் அப்பாதீர்கள். அன்றைக்கே பெரியாஸ்பத்திரிக்கோ பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போய்விடுங்கள். ரேபிஸ் ஊசியைத் தோலில் போட்டால் 0, 3, 7, 28 என்று நாள் கணக்கு, முதல் ஊசி போடும் நாள்தான் 0. ஒரு தவணையையும் விடக்கூடாது.

வீட்டில் ஊசி போடாத குட்டி இருந்தால், திரும்பியதும் செருப்பை வெளியே விட்டு, உடையை மாற்றிய பிறகே அதைத் தூக்குங்கள். பூனைகளைக் கொல்லும் பேன்லுகோபீனியா கிருமி துணியிலும் செருப்பிலும் ஒட்டி வரும், சாதாரண சோப்புக்கு லேசில் சாகாது.