62 வயதில் மூன்று குட்டைக் குதிரைகள்: 14 மாதக் குறிப்பு

பணி ஓய்வுக்குப் பிறகு குதிரை வளர்க்கப் போகிறேன் என்றதும் எல்லாரும் கேட்ட முதல் கேள்வி, "இந்த வயசில் ஏறி உட்கார முடியுமா?" என்பதுதான். ஏறுவதற்காக வாங்கவில்லை. இவை மினியேச்சர் குதிரைகள். பெரியவர்கள் ஏறவே கூடாது. மட்டக்குதிரை என்கிறோமே, அதைவிடவும் சிறியவை. 1978-ல் தொடங்கிய அமெரிக்க மினியேச்சர் குதிரைச் சங்கத்தின் கணக்குப்படி உயரம் 34 அங்குலத்தைத் தாண்டக்கூடாது. மற்ற குதிரைகளைத் தோள்மேட்டின் உச்சியில் அளப்பார்கள். இவற்றை மட்டும் பிடரி மயிரின் கடைசி முடி எங்கே நிற்கிறதோ அங்கே அளக்கிறார்கள்.

என்னிடம் இருப்பவை மூன்று. சிட்டு, மேகலை என்று இரண்டு பெட்டைகள். காயடித்த ஆண் ஒன்று, பெயர் முத்து. வாங்கும்போது வயது 9, 11, 14. வேண்டுமென்றேதான் குட்டியாக வாங்கவில்லை. நன்றாகப் பார்த்துக்கொண்டால் இவை 30 வயதைத் தாண்டியும் இருக்கும். அன்று பிறந்த குட்டியை வாங்கியிருந்தால் அது கிழமாகும்போது எனக்கு 92. ஒன்றோடு நிறுத்தாததற்கும் காரணம் உண்டு. கூட்டமாக வாழும் பிராணி இது, தனியாக விட்டால் ஏங்கிப்போகும்.

முதல் மூன்று மாதம் பெரும்பாலும் வேலியிலேயே போனது. பெரிய குதிரைக்குப் போடும் மரச்சட்ட வேலி இவற்றுக்குப் போதாது. முத்து கீழ்ச் சட்டத்துக்கு அடியில் தலையை நுழைத்து, வயிற்றை ஒடுக்கி, அப்படியே வெளியே வந்துவிட்டான். முள்கம்பி குதிரைக்கு ஆகவே ஆகாது. கடைசியில் தரைவரை இறங்கும் சிறுகண் கம்பிவலை போட்டேன். நாய்கள் உள்ளே வராமல் இருக்கவும் அதுதான் உதவுகிறது. இந்த அளவுள்ள குதிரையை நாய் கடித்துக் குதறிவிடும்.

நான்காம் மாதம் நடந்ததைத்தான் விவரமாகச் சொல்ல வேண்டும்.

பச்சைப் புல்வெளியில் நாள் முழுக்க விட்டிருந்தேன். மூன்றும் மேய்வதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பதுதான் நான் வருஷக்கணக்காகக் கண்ட கனவு. ஒரு நாள் காலை சிட்டு மட்டும் வரவில்லை. முன்னங்கால் இரண்டையும் முன்னால் நீட்டி, உடம்பின் பாரத்தைப் பின்பக்கம் சாய்த்து நின்றாள். பக்கத்தில் போனால் கனைத்தாள், ஆனால் அடி எடுத்து வைக்கவில்லை. குளம்பைத் தொட்டேன், சுட்டது. மருத்துவர் வந்து என் கையைப் பிடித்து, கணுக்காலின் பின்பக்கம் இரண்டு விரலை வைக்கச் சொன்னார். ஆரோக்கியமான காலில் அந்த நாடி விரலுக்குத் தட்டுப்படுவதே கஷ்டம். சிட்டுவுக்கு அது சுத்தியல் மாதிரி அடித்தது.

லேமினைட்டிஸ் என்றார். குளம்புச் சுவரையும் உள்ளே இருக்கும் எலும்பையும் பிணைத்துப் பிடித்திருக்கும் மெல்லிய திசு வீங்கிப்போவது. அது பிய்ந்தால் எலும்பு உள்ளேயே கீழ்நோக்கித் திரும்பிவிடும். புல்லில் இருக்கும் சர்க்கரை இன்சுலினை ஏற்றிவிடுவதால் வருவதுதான் இவற்றில் அதிகம்.

"அம்மா, இது பட்டினியில் வந்த நோய் இல்லை. நீங்க பாசமா விட்டதில் வந்தது," என்றார் மருத்துவர். அதைக் கேட்டபோது அழுதுவிட்டேன்.

ஐஸ் தண்ணீரில் காலை வைத்தது, வலி மருந்து, எக்ஸ்ரே, முழங்கால் ஆழத்துக்கு மரத்தூள் படுக்கை. நல்லவேளை, எலும்பு அதிகம் திரும்பவில்லை. ஆறு வாரம் கொட்டிலைவிட்டு வெளியே விடவில்லை.

அப்போது இன்னொன்றும் தெரிந்தது. குண்டாக இருக்கிறதே என்று தீவனத்தை ஒரேயடியாக நிறுத்தினால் அதுவும் உயிருக்கு ஆபத்து. இந்தச் சிறிய இனங்களில் சாப்பாடு நின்றால் உடம்பிலுள்ள கொழுப்பு மொத்தமாக ரத்தத்தில் இறங்கிக் கல்லீரலைக் கெடுத்துவிடும். அதனால் மெதுவாகத்தான் குறைக்க வேண்டும். உடல் எடையில் ஒன்றரை சதவீதம் உலர்புல், அவ்வளவுதான். சிட்டு அப்போது 112 கிலோ. ஒரு நாளைக்குச் சுமார் 1.7 கிலோ. அதை நான்காகப் பிரித்து, சிறுகண் வலைப்பையில் திணித்துக் கொடுக்கிறேன். கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துத் தின்ன வேண்டியிருப்பதால் நேரம் போகும். சர்க்கரை கொஞ்சம் கரைந்து இறங்கட்டும் என்று முதலில் புல்லைத் தண்ணீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுவேன். இப்போது புல்வெளிக்கு விடுவது அதிகாலையில் மட்டும், அதுவும் வாய்க்கூடை மாட்டித்தான். வெயில் ஏற ஏறப் புல்லில் சர்க்கரையும் ஏறும். மற்ற நேரமெல்லாம் புல்லே இல்லாத மண் திடல்.

எடை பார்ப்பதில் இந்தக் குதிரைகள் பெரிய வசதி, மூட்டை நிறுக்கும் தராசிலேயே ஏற்றிவிடலாம். ஆனால் குளிர்காலத்தில் கம்பளி மாதிரி முடி வளர்ந்துவிடும்போது கண்ணை நம்ப முடியாது, கையைத்தான் நம்ப வேண்டும். குதிரையின் பருமனை அளக்க ஹென்னெகி என்பவர் 1983-ல் வகுத்த ஒன்று (எலும்பும் தோலும்) முதல் ஒன்பது (மிகக் குண்டு) வரையான மதிப்பெண் முறையை வைத்து வாரம் ஒருமுறை விலா, பிடரி, வால் அடி என்று தடவிப் பார்த்து எழுதிவைக்கிறேன். சிட்டு அன்று எட்டு. இன்று ஆறு, எடை 96 கிலோ. பத்து மாதம் பிடித்தது.

வயதானவர்களுக்குச் சின்னக் குதிரை சுலபம் என்பார்கள். பாதிதான் உண்மை. இழுத்தால் தாங்க முடிகிறது, அது சரி. ஆனால் குளம்பு சுத்தம் செய்யத் தரைவரை குனிய வேண்டும். பெரிய குதிரைக்கு அவ்வளவு குனிய வேண்டாம். முட்டி வலிக்கிறதே என்று மண்டியிட்டு உட்காரவும் கூடாது, உதைத்தால் விலக முடியாது. ஒரு நாளைக்கு ஒரு குதிரை என்று பிரித்துக்கொண்டு செய்கிறேன். லாடம் இவற்றுக்குத் தேவைப்படவில்லை. ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒருமுறை குளம்பைச் செதுக்கிவிட்டால் போதும். பல்லையும் கவனிக்க வேண்டும். சின்னத் தாடையில் பற்கள் நெருக்கியடித்து முளைத்திருக்கும்.

குட்டி போட்டுப் பெருக்கும் பண்ணை வைக்க வேண்டும் என்பது முதல் ஆசை. அதை விட்டுவிட்டேன். சினை 11 மாதம். பிரசவம் தொடங்கிவிட்டால் நிமிடக் கணக்குதான். பனிக்குடம் உடைந்து அரை மணி நேரத்துக்குள் குட்டி வெளியே வராவிட்டால் ஆபத்து. பெரிய தலையோடு குட்டி சிக்கிக்கொள்வதும் இந்த இனத்தில் அதிகம். குள்ளத்தன்மை மரபணுவுக்குப் பரிசோதனை இருக்கிறது, ஆனால் அதைச் செய்தாலும் இரவெல்லாம் விழித்திருக்க என் உடம்பு இடம் தராது. மூன்றே போதும்.

11-ஆம் மாதத்திலிருந்து முத்துவுக்கு நீள வாரைப் பிடித்துப் பின்னால் நடந்து பழக்குகிறேன். வண்டி இன்னும் கட்டவில்லை. குரலுக்கு நிற்கிறான், இடப்பக்கம் நன்றாகத் திரும்புகிறான், வலப்பக்கம் இன்னும் முரண்டுதான்.

அக்கா மகளிடம் பேசிவிட்டேன். எனக்கு முடியாமல் போனால் மூன்றையும் அவள் எடுத்துக்கொள்வாள், பிரிக்க மாட்டாள். எழுதியும் வைத்தாயிற்று. இப்போது சனிக்கிழமைதோறும் வருகிறாள். போன வாரம் சிட்டுவின் கணுக்காலில் விரலை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்காராமல் குனிந்தே நின்றாள். "ஒண்ணுமே தெரியலையே சித்தி" என்றாள். கொஞ்சம் விரலை நகர்த்தச் சொன்னேன். "ம்... இருக்கு. ரொம்ப லேசா இருக்கு."