நாக்அவுட் மூளை வந்த வாரம்

பிப்ரவரி 3
ஆன்டிபாடி வந்தாச்சு, மூளைச் சீவலில் நான் தேடும் ஒரே ஒரு புரதத்தில் மட்டும் ஒட்ட வேண்டிய மூலக்கூறு. 100 மைக்ரோலிட்டர், குப்பியின் அடியில் ஒரு சொட்டுதான் தெரிகிறது, விலையோ கிட்டத்தட்ட என் ஒரு மாத ஃபெலோஷிப். மூளையில் செய்தி கடத்தும் செரட்டோனினுக்கு 14 வகை ஏற்பிகள் (அதைப் பிடித்துக்கொள்ளும் புரதங்கள்) உண்டு, எனக்கு வேண்டியது 5-ஹெச்டி2ஏ, அது எந்தச் செல்லில், எந்த இடத்தில் இருக்கிறது என்பதுதான் என் கேள்வி. அடிக்கடி உறைந்து உருகினால் கெட்டுவிடும் என்று 10, 10 ஆகப் பிரித்து மைனஸ் 20-இல் வைத்தேன்.

பிப்ரவரி 6
நேற்று முழுக்க பிரஷ்ஷும் கையுமாகத்தான். 30 மைக்ரான் மூளைச் சீவல், பஃபரில் பாலாடை மாதிரி மிதக்கும், ஒவ்வொன்றையும் கிழியாமல் தூக்கி அடுத்த குழிக்கு மாற்ற வேண்டும். சிட்ரேட்டில் சூடாக்கி, பிளாக்கிங் (கண்ட இடத்தில் ஒட்டாமல் தடுப்பது) முடித்து, பிரைமரியில், அதாவது அந்த ஆன்டிபாடியில், 4 டிகிரியில் ராத்திரி முழுக்க வைத்தாயிற்று. இன்று பிரைமரியைப் பிடிக்கும் செகண்டரி ஆன்டிபாடியைப் போட்டு, டாப் என்ற நிறமூட்டியை ஊற்றிய சில நிமிஷத்தில் பழுப்பு ஏறியது. மூளைப் புறணியின் 5-ஆம் அடுக்கில் பிரமிடு செல்கள், அவற்றிலிருந்து மேலே நீளும் டென்ட்ரைட் கிளைகள், பாடப்புத்தகத்தில் சொன்ன அதே இடம்! செகண்டரி மட்டும் போட்ட ஸ்லைடு வெள்ளை. ஆன்டிபாடி பிடிக்க வேண்டிய புரதத் துண்டான பெப்டைடைக் கலந்து போட்டதிலும் நிறம் இல்லை.

மேடம் பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்: "நாக்அவுட்ல போட்டுப் பார்த்தியாம்மா?" நாக்அவுட் என்றால் அந்த ஏற்பியின் ஜீனையே நீக்கிய விலங்கு. பெப்டைடு சோதனை போதாதாம். அது ஆன்டிபாடியின் வாயை அடைக்கிறது, அவ்வளவுதான். அந்த வாய் திசுவில் சரியான புரதத்தைக் கடித்ததா வேறு எதையாவது கடித்ததா என்று அதற்குத் தெரியாது, இரண்டிலும் நிறம் போய்விடும். அன்று முழுக்க எரிச்சலாக இருந்தது, ஏனென்றால் அவர் சொன்னது சரி.

பிப்ரவரி 18
அந்த ஜீன் இல்லாத சுண்டெலியின் மூளை வேறொரு லேபிலிருந்து வந்தது. சாதாரண எலியின் சீவல்களோடு சேர்த்து ஒரே நாளில் சாயம் போட்டேன். லேபில் இருக்கும் அக்கா லேபிள்களை மறைத்து எண் எழுதிக் கொடுத்தார், எது எது என்று நான் சொல்ல வேண்டும். சொல்ல முடியவில்லை. ஏற்பியே இல்லாத மூளையிலும் அதே அடுக்கு, அதே பழுப்பு.

பிப்ரவரி 20
நாக்அவுட்டில் ஏதாவது துண்டுப் புரதம் மிச்சமிருக்குமோ என்று ஒரு நப்பாசை, புரதங்களை அளவு வாரியாகப் பிரித்துக் காட்டும் வெஸ்டர்ன் ஓட்டினேன். சாம்பிளைக் கொதிக்க வைக்கவில்லை, இந்த மாதிரி சவ்வுப் புரதம் கொதித்தால் கட்டிகட்டியாகி ஜெல்லின் தலையிலேயே நின்றுவிடும். இரண்டு எலியிலும் 50 கிலோடால்டன் பக்கம் பட்டை, ஒரே உயரம். துண்டாக இருந்தால் கீழே இறங்கியிருக்கும். சரி, முடிந்தது.

இது என் ஒருத்திக்கு மட்டும் நடப்பதில்லை. என் ஏற்பியும் சேர்ந்த ஜி-புரத ஏற்பிக் குடும்பத்துக்கான ஆன்டிபாடிகளில் நிறைய இப்படித்தான் என்று 2009-லேயே ஆய்விதழ்களில் எழுதிவிட்டார்கள். சவ்வுக்குள் 7 முறை புகுந்து வரும் புரதம், அளவும் குறைவு, போதாததற்கு 2பி, 2சி என்று ஜாடை ஒத்த பங்காளிகள் வேறு. குப்பி வாங்குவதற்கு முன்னால் படித்திருக்கலாம்.

பிப்ரவரி 24
புரதத்தை விட்டுவிட்டு, அதைத் தயாரிக்கச் சொல்லும் ஆர்.என்.ஏ.வை இன் சிட்டு முறையில் சீவலிலேயே தேடப் போகிறோம். எந்தச் செல் தயாரிக்கிறது என்று தெரியும், புரதம் டென்ட்ரைட்டில் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று தெரியாது. என் கேள்வியில் பாதி போச்சு. ஃப்ரீசரில் இன்னும் 6 குழாய் மிச்சம், அக்கா டப்பா மேல் மார்க்கரால் '2ஏ' என்று எழுதி, பக்கத்தில் பெரிதாக ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறார்.