"அதுக்கு முதல்?"

ஒன்பதாம் வகுப்பில் புவியியல் ரீச்சர் உலகப்படம் ஒன்றைத் தந்து, கண்டங்களைக் கத்தரித்துப் பொருத்தச் சொன்னார். தென் அமெரிக்காவின் கிழக்குக் கரையும் ஆபிரிக்காவின் மேற்குக் கரையும் சேரும் என்று எல்லாருக்கும் தெரியும். என் துண்டுகளுக்கு நடுவிலோ அங்கங்கே இடைவெளி. பேச்சு விழும் என்று பயந்திருந்தேன். ரீச்சர் குனிந்து பார்த்தார். "கரையில வெட்டினா அப்பிடித்தான் பிள்ளை. கண்டம் கரையோட முடியிறேல்லை. கடலுக்குள்ள கண்டமேடை முடியிற இடத்தில வெட்டு" என்றார்.

1965இல் பிரித்தானிய விஞ்ஞானி எட்வர்ட் புல்லார்டும் அவரோடு சேர்ந்தவர்களும் கணினியைக் கொண்டு செய்ததும் இதைத்தான். ஏறத்தாழ 900 மீட்டர் ஆழத்தை விளிம்பாக எடுத்தபோது இரு கண்டங்களும் அழகாகப் பொருந்தின. கண்டங்கள் நகர்கின்றன என்று 1912இலேயே சொன்ன ஜேர்மன் விஞ்ஞானி வெகெனர், நகர்த்தும் விசையைக் காட்ட முடியாமல், 1930இல் கிறீன்லாந்துப் பனியில் இறந்துபோனார். அவர் இதைப் பார்க்கவில்லையே என்று எனக்கு இன்றும் மனம் பொறுக்காது.

பரீட்சையில், கண்டங்கள் எல்லாம் ஒன்றாயிருந்த பெருங்கண்டத்தை நினைத்து, "முதலில் பங்கேயா இருந்தது" என்று எழுதியிருந்தேன். ரீச்சர் அதைச் சிவப்பால் சுழித்து, "அதுக்கு முதல்?" என்று பக்கத்தில் எழுதினார். நான் நிலவியல் படிக்கப் போனது அந்த இரண்டு சொல்லால்தான்.

அதற்கு முதல் ரொடினியா. ஏறக்குறைய 1,000 மில்லியன் ஆண்டுகளுக்கு முன்பு. அதற்கும் முதல் நூனா. இவையும் அப்படிச் சேர்ந்து பிரிந்த பெருங்கண்டங்கள்தான். பழைய கடற்றரை குளிர்ந்து கனத்து, விளிம்பில் கீழே அமிழும்போது புவியோட்டின் பெருந்துண்டான முழுத் தட்டையும் தன்னோடு இழுக்கிறது. இழுபட்ட கண்டம் மெலிந்து பிளக்கிறது. கிழக்கு ஆபிரிக்கா இன்று அந்தப் பிளவில்தான் நிற்கிறது. செங்கடலில் பிளவுக்குள் கடலே வந்துவிட்டது. அப்புறம் அந்தக் கடலும் முதுமையடைந்து, விளிம்புகளில் அமிழ்ந்து மூடும். இந்தியாவுக்கும் ஆசியாவுக்கும் நடுவில் இருந்த தெதிஸ் கடல் அப்படி மூடித்தான் இமயம் எழுந்தது. எவரெஸ்ட் உச்சியில் இருப்பது கடலடிச் சுண்ணாம்புக்கல்.

எனக்கு மிகவும் பிடித்தது 1966இல் கனேடிய நிலவியலாளர் டூசோ வில்சன் கேட்ட கேள்வி: அத்திலாந்திக் ஒருமுறை மூடி, மறுபடி திறந்ததா? ஆம். அப்பலாச்சிய மலைகளும் ஸ்கொட்லாந்து மலைகளும் பழைய கடல் மூடியபோது எழுந்த ஒரே தொடர். பெரும்பாலும் அந்தத் தையலை ஒட்டியே இன்றைய கடல் பிரிந்திருக்கிறது.

வட அத்திலாந்திக் ஆண்டுக்கு ஏறத்தாழ 2.5 சென்றிமீட்டர் அகலுகிறது. அந்த வகுப்பு முடிந்து 40 ஆண்டுகள். நான் துண்டுகளைப் பரப்பி வைத்த மேசையின் அகலம் அளவுக்கு அது விரிந்திருக்கும், ரீச்சர்.