காரின் 12 வோல்ட்டில் இரண்டு 6வி6 வால்வுகள்: 40 மீட்டர் டிரான்ஸ்மிட்டர், இதுவரை

1950-களில் அமெரிக்க ஹாம்கள் (பொழுதுபோக்காக வானொலித் தொடர்பு கொள்பவர்கள்) காரில் பொருத்திய வால்வு (வெற்றிடக் குழாய்) டிரான்ஸ்மிட்டர்களில் அலையை உண்டாக்கும் பகுதி மிக எளிமையானது. கார் பேட்டரியிலிருந்து 300 வோல்ட் பெறுவதே உண்மையான உழைப்பு. மோர்ஸ் மட்டும் அனுப்பும் ஒரு கருவியை அதே முறையில் கட்டிவரும் எனக்கும், பெரும்பகுதி நேரம் மின்வழங்கியிலேயே செல்கிறது.

அலையை உண்டாக்கும் கிரிஸ்டல் ஆஸிலேட்டருக்கு ஒன்று, அதைப் பெருக்கும் இறுதி ஆம்ப்ளிஃபையருக்கு ஒன்று என இரண்டு 6வி6 வால்வுகளை எடுத்துக்கொண்டதற்குக் காரணம், வால்வைச் சூடாக்கும் இழையான ஹீட்டர்தான். 6 வோல்ட் பேட்டரி இருந்த பழைய கார்களில் 6.3 வோல்ட் ஹீட்டர்களை நேராகவே இணைத்தார்கள். 12 வோல்ட் வந்தபின், 807 வால்வின் 12.6 வோல்ட் வடிவமான 1625 போன்றவற்றைத் தேட வேண்டும், அல்லது ஒரே அளவு மின்னோட்டம் எடுக்கும் இரண்டு வால்வுகளைத் தொடராக இணைக்க வேண்டும். 6வி6 ஒவ்வொன்றும் 0.45 ஆம்பியர் எடுப்பதால் இரண்டும் சமமாகப் பங்கிட்டுக்கொள்கின்றன. எஞ்சின் ஓடும்போது மின்னழுத்தம் 14 வோல்ட்டைத் தாண்டிவிடும் என்பதால் தொடரில் 3.3 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைச் சேர்த்து, வண்டியை நிறுத்தியிருக்கும்போது அதை விலக்கிவிட ஒரு சுவிட்சும் வைத்திருக்கிறேன்.

உயர் மின்னழுத்தத்தை வைப்ரேட்டர் தருகிறது. விநாடிக்குச் சுமார் 115 முறை அதிரும் அதன் நாக்கு பேட்டரி மின்சாரத்தை மாறி மாறித் திருப்பிவிட, டிரான்ஸ்ஃபார்மர் அதை உயர்த்துகிறது. டிரான்ஸ்ஃபார்மரின் உயரழுத்தச் சுருளுக்குக் குறுக்கே இருக்கும் பஃபர் கன்டென்சர் பார்வைக்குச் சிறியது. ஆனால் அது கெட்டிருந்தால் வைப்ரேட்டரின் தொடுமுனைகள் பொறிவிட்டுக் கருகிவிடும். ஆகவே பழைய மின்வழங்கியை எடுத்தாளும் எவரும் பேட்டரியை இணைக்கும் முன்பே, 1600 வோல்ட் தாங்கும் புதிய கன்டென்சரை அங்கே மாற்றிவிட வேண்டும் என்று வலியுறுத்துவேன்.

மோர்ஸ் சாவியை அழுத்தும்போது மின்னழுத்தம் சரிந்தால் ஆஸிலேட்டரின் அதிர்வெண் நகர்ந்து, மோர்ஸ் ஒலி கீச்சிடும். 0ஏ2 என்னும் வாயு வால்வு ஆஸிலேட்டருக்கு மட்டும் 150 வோல்ட்டை நிலையாகக் காத்ததும், ஒலி அழகாகத் தெளிந்தது. இறுதி வால்வு 270 வோல்ட்டில் 38 மில்லி ஆம்பியர் எடுக்க, ஆண்டெனாவுக்குப் பதிலாக இணைத்த 50 ஓம் டம்மி லோடில் ஏறத்தாழ 6 வாட் கிடைக்கிறது. இந்த வால்வுக்கு இது நிறைவான அளவு.

ஆண்டெனாதான் இனி உள்ள தடை. 40 மீட்டர் அலைவரிசையில் (7 மெகாஹெர்ட்ஸ்) ஆண்டெனாவுக்கு உகந்த கால் அலைநீளம் 10 மீட்டர், காரிலோ 2.4 மீட்டர் கம்பிதான் நிற்கும். கம்பியின் நீளக் குறையை ஈடுகட்டும் லோடிங் காயிலைச் சேர்த்து ஒத்திசைய வைத்தாலும், ஆற்றலில் பெரும்பகுதி காயிலிலும் தரை இழப்பிலும் வெப்பமாகிவிடும். அதே கம்பி 28 மெகாஹெர்ட்ஸில் ஏறக்குறைய முழுக் கால் அலை என்பதால்தான் அக்காலத்துக் கார் ஹாம்கள் 10 மீட்டர் அலைவரிசையைப் பெரிதும் விரும்பினார்கள். அடுத்ததாக, 7 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலையே வைத்துக்கொண்டு ஆஸிலேட்டரின் பிளேட் (வெளியீட்டு) சுற்றை 14-க்கும் இறுதி நிலையை 28-க்கும் இசைத்து, எத்தனை வாட் மிஞ்சுகிறது என்று அளக்கப்போகிறேன்.