விளக்கம் தருக

அக்டோபர் 24
மெமோ வந்துவிட்டது. மூன்று நாள் அவகாசம்.

அக்டோபர் 25
நான்கு முறை படித்துவிட்டேன். பாடத்திட்டத்தில் இல்லாததை நடத்தினேனாம். உண்மைதான். சி.பி.எஸ்.இ. பத்தாம் வகுப்பு அறிவியலில் ‘பரம்பரையும் பரிணாமமும்’ என்று இருந்த பாடம் 2023இல் வெறும் ‘பரம்பரை’ ஆனது. இனி பன்னிரண்டாம் வகுப்பில்தான் டார்வின், அதுவும் உயிரியல் எடுத்தால். புதுச்சேரியில் நாங்கள் தமிழ்நாட்டுப் புத்தகம் நடத்திய காலத்தில் இதே பத்தாம் வகுப்புக்கு இதே டார்வினை நடத்தியிருக்கிறேன், ஒருவரும் ஏனென்று கேட்டதில்லை.

துணை முதல்வர் தனியாகக் கூப்பிட்டார். “ஒரு பையன் கேட்டான், பதில் சொன்னேன்னு எழுதிடுங்க டீச்சர். முடிஞ்சுது.” நல்ல மனுஷர். ஆனால் எவனும் கேட்கவில்லையே! நானாகத்தான் போனிலிருந்த திருவக்கரை கல்மரத்தைக் காட்டி ஆரம்பித்தேன்.

அக்டோபர் 26
ஆசிரியர் சங்கத்து அண்ணன் வீட்டுக்கே வந்தார், கையில் இரண்டு பக்க விளக்கம். அதில் நான் பெரிய போராளி. புகார் தந்த அப்பா என்னை மிரட்டியதாக ஒரு வரி. அவர் எங்கே மிரட்டினார்? செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்து நின்று, “பொண்ணு ராத்திரி தூங்கலைங்க டீச்சர்” என்றார். அவ்வளவுதான். அந்த வரியை எடுங்கள் என்றேன். எடுத்தால் என்ன இருக்கிறது என்றார். காபியைக் குடிக்காமலே போய்விட்டார்.

அக்டோபர் 27
கொடுத்துவிட்டேன். நான்கே வரி. யாரும் கேட்கவில்லை, நானாக நடத்தினேன், இருபது நிமிடம்.
அந்தப் பெண் வரவில்லை.

அக்டோபர் 30
மாற்றல் காரைக்காலுக்கு என்றால் சமாளிக்கலாம். ஆந்திரா பக்கம் இருக்கிற ஏனாமுக்கு என்றால் அம்மாவை யார் பார்ப்பது?

நவம்பர் 3
அந்தப் பெண் வரவில்லை.

நவம்பர் 5
பௌர்ணமி. அம்மாவைத் திருவக்கரை வக்கிரகாளியம்மன் கோவிலுக்கு அழைத்துப் போனேன். சரியான கூட்டம். திரும்பும்போது கல்மரப் பூங்கா பூட்டிக் கிடந்தது. 2 கோடி ஆண்டு மரங்கள், கடலூர் மணற்கல்லில் புதைந்து கல்லானவை. அம்மா இருட்டில் கைகாட்டி, “வக்கிராசூரன் எலும்புடி அதெல்லாம்” என்றாள். உம் கொட்டினேன். வகுப்பில் அத்தனை பேசியவள் அம்மாவிடம் உம் கொட்டுகிறேன். இது எந்தக் கணக்கில் வரும்? வண்டி ஓட்டிக்கொண்டே அதையேதான் நினைத்தேன். வீட்டுக்கு வந்தும் தூக்கம் இல்லை. அந்தப் பெண்ணுக்கும் இப்படித்தான் இருந்திருக்குமோ.

நவம்பர் 7
முதல் பீரியட் முடிந்ததும் அறைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். வருகைப் பதிவு எடுத்தேன். இன்றும் வரவில்லை.