பாதி வேலையைக் காட்டப் பழகியது: ஜப்பான் அலுவலகத்தில் ஓர் இன்டர்ன்

ஜப்பானில் இன்டர்ன்ஷிப் செய்தேன் என்றதும் எல்லோரும் கேட்பது, "ராத்திரி பதினோரு மணி வரைக்கும் வேலை வாங்குவாங்களாமே?" என்றுதான். எனக்கு அப்படி எதுவும் நடக்கவில்லை. மணி அடித்ததும் கிளம்பச் சொல்லிவிடுவார்கள். நான் திணறியது வேறொன்றில். ஒரு வேலையைக் கொடுத்தால் முழுசாக முடித்து, நன்றாக வந்திருக்கிறது என்று எனக்கே தோன்றிய பிறகு கொண்டுபோய்க் காட்டித்தான் பழக்கம். கல்லூரியில் புராஜெக்ட் எல்லாம் அப்படித்தான் போனது. அங்கே அந்தப் பழக்கத்தை விடவேண்டியிருந்தது. மொழி, சாப்பாடு இரண்டையும்விட அதற்குத்தான் அதிக நாள் பிடித்தது.

விசா விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், பலரும் கேட்கிறார்கள். சம்பளத்தோடு கூடிய இன்டர்ன்ஷிப் 'குறிப்பிட்ட செயல்பாடுகள்' என்ற வகையில் வரும். கல்லூரிக்கும் நிறுவனத்துக்கும் ஒப்பந்தம் வேண்டும், அந்த வேலை படிப்பின் பகுதியாக இருக்க வேண்டும். ஓராண்டுக்கு மேல் போகக்கூடாது. மொத்தமாகப் பார்த்தாலும் படிப்புக் காலத்தில் பாதியைத் தாண்டக்கூடாது. நிறுவனம் அங்கே விண்ணப்பித்துத் தகுதிச் சான்றிதழ் வாங்கி அனுப்பும். அது வந்த பிறகு இங்கே விசா. நகோயாவின் சுபு விமான நிலையத்தில் இறங்கியதும் ரெசிடென்ஸ் கார்டு கையில் கிடைத்துவிடும். தங்குமிடம் அமைந்த 14 நாளுக்குள் நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். இதைத் தள்ளிப்போடாதீர்கள், வங்கிக் கணக்கு தொடங்கப் போனால் முதலில் பார்ப்பது அந்தக் கார்டில் முகவரி ஏறியிருக்கிறதா என்றுதான்.

நிறுவனம் ஐச்சி மாநிலத்தில் இருந்தது. கார் உதிரிபாகம் செய்யும் ஆலை, அதை ஒட்டி அலுவலகம். டொயோட்டாவின் தலைமையகமும் அதே ஐச்சியில்தான், அதனால் சுற்றுவட்டாரத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் வாகனத் தொழில்தான். அலுவலகத்தில் தனி அறைகள் கிடையாது. மேசைகளை எதிரெதிரே ஒட்டிப் போட்டு, ஒரு குழுவுக்கு ஒரு வரிசை. வரிசையின் தலைமாட்டில், ஜன்னலுக்கு முதுகைக் காட்டியபடி பிரிவுத் தலைவர் உட்கார்ந்திருப்பார். அவரை 'கச்சோ' என்று பதவியைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். மற்றவர்களுக்குக் குடும்பப்பெயரோடு ஒரு 'சான்'. நமக்கேது குடும்பப்பெயர்? பாஸ்போர்ட்டில் அந்த இடத்தில் அப்பா பெயர் இருந்ததால், அலுவலகம் முழுக்க என்னை என் அப்பா பெயரைச் சொல்லியே கூப்பிட்டது. போனில் சொன்னபோது அப்பாவுக்கு ஒரே சிரிப்பு. "அப்போ ஒழுங்கா வேலை பாரு, என் பேரு கெட்டுப்போயிடும்" என்றார்.

காலையில் வேலை தொடங்கும் முன் ஒலிபெருக்கியில் பியானோ இசை வரும். எல்லோரும் எழுந்து நின்று கையைக் காலை நீட்டி மடக்க வேண்டும். 1928-ல் வானொலியில் தொடங்கிய உடற்பயிற்சி இது, அங்கே பள்ளிப் பிள்ளைகளுக்கும் மனப்பாடம். அப்புறம் காலைக் கூட்டம்: இன்று என்ன செய்யப்போகிறேன் என்று ஆளுக்கு ஓரிரு வரி. ஆலைக்குள் போவதென்றால் போன் கேமரா மேல் ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்ள வேண்டும், பென் டிரைவ் எடுத்துப்போகவே கூடாது. ஃபோர்க்லிஃப்ட் போகும் பாதையைக் கடக்கும்போது இருபக்கமும் விரலை நீட்டி, 'சரி' என்று சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் கடக்க வேண்டும். பன்னிரண்டு மணிக்கு மணி அடித்தால் மின்சாரச் சிக்கனத்துக்காக விளக்குகளை அணைத்துவிடுவார்கள். சாப்பிட்டு முடித்தவர்கள் மேசையிலேயே தலை சாய்த்துத் தூங்குவார்கள். இதெல்லாம் ஓரிரு வாரத்தில் பழகிவிட்டது. மதியத் தூக்கம் முதல் நாளே பழகிவிட்டது.

எனக்குக் கொடுத்த வேலை, பாகங்களை அளக்கும் கருவியிலிருந்து வரும் தரவைப் பைத்தான் என்ற நிரல்மொழியில் அலசி, அளவு மெல்ல விலகத் தொடங்குவதை முன்கூட்டியே காட்டுவது. எனக்கு வழிகாட்டியாக இருந்த மூத்த பொறியாளரை செம்பாய், அதாவது சீனியர், என்றே சொல்கிறேன். அவர் முதலில் ஒரு ஏ3 தாளைக் கொடுத்தார். இடது பக்கம் என்ன பிரச்சினை, இப்போதைய நிலை என்ன, காரணம் என்ன. வலது பக்கம் என்ன செய்யலாம், யார் எப்போது செய்வது, பலித்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது. எல்லாம் ஒரே தாளுக்குள், பென்சிலில். "நிரல் அப்புறம். முதலில் இதை நிரப்பிக் கொண்டுவாருங்கள். நிரம்பாவிட்டாலும் கொண்டுவாருங்கள்" என்றார்.

அந்தக் கடைசி வாக்கியத்தை நான் மரியாதைக்குச் சொன்னது என்று நினைத்தேன். இல்லை, அதுதான் அங்கே வேலையே. நடந்ததைத் தெரிவி, தொடர்புள்ளவர்களுக்குத் தகவல் கொடு, சந்தேகம் வந்தால் உடனே கலந்து பேசு: மூன்றையும் சேர்த்து ஹோரென்சோ என்பார்கள், புதிதாக வேலைக்குச் சேர்பவர்களுக்கு முதலில் சொல்லித்தருவது இதைத்தான். தினமும் மாலை ஒரு நாளறிக்கை எழுத வேண்டும். இன்று செய்தது, தெரிந்துகொண்டது, மாட்டிக்கொண்ட இடம், நாளைய திட்டம். 'மாட்டிக்கொண்ட இடம்' என்ற கட்டத்தில் நான் 'எதுவுமில்லை' என்று எழுதினால் செம்பாய் சிவப்புப் பேனாவால் ஒரு கேள்விக்குறி போட்டுத் திருப்பிக் கொடுப்பார். நமக்கு எதுவுமில்லை என்பது திறமையின் அடையாளம். அவருக்கோ அது ஆபத்தின் அடையாளம்.

ஏன் இப்படி என்று ஒருநாள் அவரிடமே கேட்டேன். என்னுடைய நிரலில் எந்த எல்லையைத் தாண்டினால் எச்சரிக்கை வர வேண்டும் என்பதைத் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவு ஒத்துக்கொள்ள வேண்டும். எச்சரிக்கை வந்தால் இயந்திரத்தை நிறுத்துவது உற்பத்திப் பிரிவு. நான் முழுசாக முடித்துக் கொண்டுபோனால் அவர்களால் சரி என்றோ வேண்டாம் என்றோதான் சொல்ல முடியும். பாதியில் காட்டினால் அதில் அவர்களும் கைவைக்கலாம். கைவைத்தவர்கள் பிறகு அதைப் பயன்படுத்துவார்கள். அவர் சொன்னது இவ்வளவுதான். அதன் பிறகு, தலைப்பு மட்டும் போட்ட வரைபடத்தைக்கூட எடுத்துக்கொண்டு அவர் மேசைக்குப் போக ஆரம்பித்தேன்.

இதில் எரிச்சலும் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. அட்டவணையில் எந்த நெடுவரிசை முன்னால் வர வேண்டும் என்பதற்குக்கூட மூன்று பேரிடம் கேட்க வேண்டியிருந்தது. நாம் யோசித்த ஒன்று நம்முடையதாகவே மிஞ்சாது. கொஞ்ச நாளில் எந்த யோசனை யாருடையது என்றே தெரியாமல் போய்விடும். தன் பெயர் வெளியே தெரிய வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு இந்த முறை ஒத்துவராது.

மீட்டிங்கில் காரசாரமாக விவாதம் நடக்கும் என்று எதிர்பார்த்துப் போனேன். அங்கே பேசுவதற்கு ஒன்றும் பாக்கி இருக்காது. வேண்டியவர்களை முன்னாலேயே தனித்தனியாகப் பார்த்து, பானம் விற்கும் இயந்திரத்தின் பக்கத்தில் நின்றோ அவர்கள் மேசைக்குப் போயோ, தாளைக் காட்டி ஒப்புதல் வாங்கிவிடுவார்கள். நெமாவாஷி என்று இதற்குப் பெயர். மறுப்பு இருந்தால் அதுவும் அங்கேயே வந்துவிடும். குறிப்பெடுப்பது குழுவில் இளையவரின் வேலை, அதாவது என் வேலை. சென்னையில் ஜப்பானிய மொழித் தேர்வின் தொடக்க நிலைகளில் ஒன்றான என்4 வரை படித்துவிட்டுப் போயிருந்த எனக்கு, அலுவலக மரியாதை மொழியில் குறிப்பு எழுதுவது பெரும்பாடு. ஆனால் யார், எதை, எந்தத் தேதிக்குள் என்ற மூன்றும் இருந்தால் போதும் என்று பிடிபட்ட பிறகு வண்டி ஓடியது. போனை எடுப்பதற்குத்தான் கடைசி வரை பயம்.

இப்போது அந்த ஓவர்டைம் கதை. 2018-ல் திருத்திய சட்டப்படி ஓவர்டைமுக்கு மாதம் 45 மணி, ஆண்டுக்கு 360 மணி என்று பொது வரம்பு இருக்கிறது. பெரிய நிறுவனங்களுக்கு 2019 ஏப்ரலிலும் சிறிய, நடுத்தர நிறுவனங்களுக்கு 2020 ஏப்ரலிலும் அமலுக்கு வந்தது. எங்கள் அலுவலகத்தில் புதன்கிழமை எல்லோருமே நேரத்துக்குக் கிளம்ப வேண்டும் என்று விதி. மற்ற நாட்களில் என் வரிசையில் பலர் இருட்டிய பிறகும் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்கு முன்னால் எழுந்து, முன்னதாகப் போகிறேன், மன்னிக்கவும் என்ற வழக்கமான வாக்கியத்தைச் சொல்லிவிட்டு நடப்பது கூச்சமாக இருக்கும். நானும் இருந்து ஏதாவது செய்யட்டுமா என்று கேட்டேன். "வேண்டாம், நீங்கள் இருந்தால் எதற்கு இருந்தீர்கள் என்று நான்தான் எழுதிக் கொடுக்க வேண்டும்" என்றார் செம்பாய். அதோடு கூச்சம் போய்விட்டது.

சைவம் சாப்பிடுபவர்கள் தயாராகப் போங்கள். காய்கறிச் சூப் போலத் தெரிவதிலும் மீன் கருவாட்டுச் சாறு இருக்கும். குழுவாகக் குடிக்கப் போகும் மாலைகளில் ஊலாங் தேநீர் கேட்டால் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. பகலில் வாய் திறக்காத கச்சோ அங்கே கிரிக்கெட் விதிகளை விளக்கச் சொல்லிக் கேட்டார். எல்பிடபிள்யூ வரை சொல்லிப் பார்த்தேன், இரண்டு பேருமே தோற்றோம்.

கடைசியில் ஜப்பானிய மொழியில் ஒரு விளக்கவுரை கொடுக்க வேண்டியிருந்தது. ஸ்லைடுகளை முன்னாலேயே ஒவ்வொருவரிடமும் காட்டித் திருத்தம் வாங்கியிருந்தேன். பேசி முடித்ததும் கேள்விகளுக்காகக் காத்திருந்தேன், யாரும் கேட்கவில்லை. எல்லோரும் தங்கள் கேள்வியை ஏற்கெனவே கேட்டுவிட்டிருந்தார்கள். உண்மையில் கொஞ்சம் ஏமாற்றம்தான், அவ்வளவு ராத்திரி உட்கார்ந்து பதில்களை மனப்பாடம் செய்திருந்தேன். கச்சோ மட்டும் ஒன்று கேட்டார்: "நீங்கள் ஊருக்குப் போன பிறகு இந்த நிரலை யார் பார்த்துக்கொள்வார்கள்?" மீதியிருந்த நாட்கள் முழுவதும் பொறுப்பு ஒப்படைப்புக் குறிப்பு எழுதுவதிலேயே போயின. அதையும் பாதியில்தான் செம்பாயிடம் காட்டினேன்.