நெகட்டிவ் ஃபிலிமால் நிமிர்ந்த ஸ்கோப்

காற்றுத் துவக்கின் ஸ்கோப்பை (குறிபார்க்கும் தொலைநோக்கியை) சரிசெய்வதில் மூன்று ஞாயிறு வீணாய்ப் போனது. நேற்றுக் காலை பனி விலகிய ஒரு மணித்தியாலத்தில்தான் 50 மீற்றரில் ஐந்து பெலட்டும் (சின்ன ஈயக் குண்டு) ஒரு நெருப்புப்பெட்டி அளவுக்குள் விழுந்தன. ஸ்பிரிங்கால் காற்றை அமுக்கிச் சுடும் துவக்குக்கு எனக்கு இது பெரிய விசயம். பீசீபீ (முன்கூட்டியே காற்றை அடைத்து வைக்கும் துவக்கு) வைத்திருப்பவர்கள் சிரித்துவிட்டுப் போங்கள்.

பேரல் மடக்கும் துவக்கு, வாய் கொஞ்சம் கீழே தொங்குகிறது. ஸ்கோப்பின் எலிவேஷன் (உயரம்) திருகை நடுவில் வைத்தால் 50 மீற்றரில் 20 சென்ரிமீற்றர் கீழே அடிக்கும். அந்தத் திருகின் ஒரு கிளிக் கால் எம்ஓஏ (எம்ஓஏ என்பது ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு), அந்தத் தூரத்தில் 3.6 மில்லிமீற்றர், ஆக 55 கிளிக் ஏற்ற வேண்டும். ஏற்றினேன். என் ஸ்கோப்பில் அது கிட்டத்தட்ட கடைசி எல்லை. அங்கே போனால் உள்குழாயைத் தாங்கும் ஸ்பிரிங் தளர்ந்துவிடும். இந்தத் துவக்கோ முன்னும் பின்னும் இரண்டு தடவை உதைக்கிற சாதி. பத்து வெடிக்கு ஒரு தடவை குறி தன் இஷ்டத்துக்கு இடம் மாறியது. இரண்டு ஞாயிறு பெலட்டைத் திட்டினேன், பாவம்.

வழி என்னவோ தெரிந்ததுதான்: ஸ்கோப்பைத் துவக்கில் பிடிக்கும் இரண்டு வளையங்களில் பின்னதில் குழாய்க்கு அடியில் தகடு வைப்பது. என் வளையங்களுக்கு இடையில் 100 மில்லிமீற்றர். பின்பக்கம் 0.1 உயர்ந்தால் 50 மீற்றரில் 5 சென்ரிமீற்றர் ஏறும். எனக்கு 0.4 தேவை. முதலில் சோடா டின்னை வெட்டி நாலு அடுக்கு வைத்தேன். வழுக்கல்! வளையத்தோரம் பென்சிலால் போட்ட கோட்டிலிருந்து இருபது வெடிக்குள் ஸ்கோப் 2 மில்லிமீற்றர் நகர்ந்துவிட்டது. பிறகுதான் அத்தையின் கல்யாண நெகட்டிவ் சுருள் ஞாபகம் வந்தது. மூன்று துண்டு அடுக்கினால் கிட்டத்தட்ட 0.4. மங்கலான பக்கம் குழாயைப் பார்த்திருக்க வேண்டும், அந்தப் பக்கம்தான் பிடிக்கிறது. வளையத்தின் அகலத்துக்கே வெட்டி, கீழ்ப்பாதியில் மட்டும் வைத்து, நாலு திருகையும் குறுக்கும் மறுக்குமாகக் கால் சுற்று கால் சுற்றாய் இறுக்கினேன். இதற்கு மேல் அடுக்கினால் குழாய் வளையும். வெட்டியது ஆள் முகம் இல்லாத, வெளிச்சம் பட்டுக் கறுத்த நுனித் துண்டுதான். அத்தை கேட்டால் அதையே சொல்வேன்.

அதோடு முடியவில்லை. உயரம் சரி, ஆனால் பெலட் விழுந்த ஓட்டைக் கூட்டம் முழுக்க வலப்பக்கம். காரணம் துவக்கு இல்லை, கண். தேயிலை மலையில் எதுவும் மட்டமில்லை. ரோட்டும் சரிவு, கானும் சரிவு, செடி நிரையும் சரிவு. கண் அந்த நிரையை மட்டமென்று எடுத்துக்கொண்டு துவக்கையும் கூடவே சாய்க்கிறது. 3 பாகை சாய்ந்தாலே 50 மீற்றரில் ஒன்றரை சென்ரிமீற்றர் பக்கவாட்டில் போய்விடும். பக்கத்து லயத்து மேசன் பாஸிடம் தூக்குக்குண்டு வாங்கி, 30 மீற்றரில் கொய்யா மரத்தில் கட்டினேன். “மரத்துக்கு என்னத்துக்கு தம்பி குண்டு?” என்று அவர் நின்று வேடிக்கை பார்த்தார். துவக்கை ரசமட்டத்தில் நிறுத்தி, நூலோடு ரெட்டிக்கிளின் (ஸ்கோப்புக்குள் தெரியும் குறிக்கோடுகளின்) நிமிர்ந்த கோட்டை ஒட்டவைத்தேன். என் கண் மட்டமென்று சொன்னது முழுசாய் வலப்பக்கம் சரிந்து கிடந்தது. ஸ்கோப்பில் ஒட்ட ஒரு சின்ன ரசமட்டம் தேடுகிறேன்.

கடலோர நீர்கொழும்பு மச்சான் எழுதித்தந்த கிளிக் கணக்கைக் கிழித்துப் போட்டேன். நுவரெலியா 1,868 மீற்றர். அவர்கள் பக்கத்தைவிட இங்கே காற்று ஆறில் ஒரு பங்கு மெலிசு. பெலட்டை இழுத்துப் பிடிப்பதும் குறைவு, பிஸ்டனுக்கு முன்னால் காற்று மெத்தையும் குறைவு. சத்தத்திலேயே வித்தியாசம் கேட்கும்.

பெலட் ஜேஎஸ்பி எக்ஸாக்ட், எடை 8.44 கிரெய்ன். ஒரு டின்னும் காலும் மிச்சம். கொழும்புக் கடைக்காரர் நாலு மாசமாக “அடுத்த மாசம்” என்கிறார். சம்பளம் வந்தால் ஃபிலிமைக் கழற்றிவிட்டு, வாய்த் தொங்கலைத் திருத்தும் மவுண்ட் (ஸ்கோப் தாங்கி) ஒன்று எடுக்கவேண்டும்.

30, 40 மீற்றருக்குக் கிளிக் இன்னும் எழுதவில்லை. பதினொரு மணிக்கே பனி இறங்கி, டார்கெட் கடதாசி ஊறி ஆணியிலிருந்து தொங்கிவிட்டது.